ஒரு மணி நேரத்துக்குள்

உடம்புச் சூட்டிலேயே வர வேண்டும்,
ஒரு மணி நேரத்துக்குள் கவுண்டரில் இருக்க வேண்டும்
என்றாள் லேப் பெண்,
பஸ் நம்பர் சொல்கிற குரலில்.

போன வாரம் அவர்கள் தந்த அறையில்
பால்துரையால் முடியவில்லை.
தாழ்ப்பாள் சரியில்லை. வெளியே யாரோ இருமினார்கள்.
இருபது நிமிடம் கழித்து வெறும் டப்பியோடு வந்து
"டீ குடிப்போமா" என்றார்.
குடித்தோம்.

மூன்று வருடம் நான் மட்டும்தான் படுத்தேன்
அந்த மேஜைகளில்.
ரத்தம், தைராய்டு, இரண்டாம் நாள், பன்னிரண்டாம் நாள்.
உள்ளே சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்த அன்று
திரையில் என் குழாய்கள் இரண்டும்
மெல்லிய கிறுக்கலாய் வளைந்து
நுனியில் சாயத்தைப் புகைபோல் விட்டன.
"ரெண்டும் திறந்திருக்கு" என்றார் டாக்டர்.
வலியில் பல்லைக் கடித்தபடி சந்தோஷப்பட்டேன்.
ராத்திரி நாசரேத்திலிருந்து அத்தை கேட்டாள்:
"திறந்திருக்குன்னா பொறவு என்ன?"

அவருக்கும் ஒரு டெஸ்ட் என்று
முதல் நாளே எழுதித் தந்த சீட்டு
ரேஷன் கார்டுக்குள் மடிந்து கிடந்தது.

இன்று காலை கொழுந்தனைப் பால் வாங்க அனுப்பினோம்.
வீட்டில் பால் இருந்தது. அவனுக்கும் தெரியும்.
டப்பியில் நேரம் எழுதினேன்: 7.52.
"எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றார், சுவரைப் பார்த்து.
"ரவிக்கைக்குள்ள வச்சுக்கோ. அங்கதான் சூடு."

மான்குர்தில் ஏறினேன்.
லேடீஸ் பெட்டி முழுக்க ஈரக் குடைகள்.
"தாயீ, ஜரா சரகா" என்று இடித்து நுழைந்தாள் ஒருத்தி.
மராட்டியில் தாயீ என்றால் அக்கா.
பதினொரு வருடமாகத் தெரியும்.
இருந்தும் என் காது முதலில் தமிழில்தான் கேட்கும்,
அரை நொடி கழித்துத் திருத்திக்கொள்ளும்.

திலக் நகர் தாண்டி வண்டி நின்றது.
தண்டவாளத்தில் தண்ணீராம்.
எல்லோரும் ஆபீசுக்கு போன் போட்டார்கள்.
நான் யாருக்குப் போட?
இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே கட்டி,
கூட்டம் சாயும்போதெல்லாம்
முழங்கையை வேலியாக்கி நின்றேன்.
எதிரே இருந்தவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
எழுந்து இடம் கொடுத்தாள்.
எத்தனையாவது மாசம் என்று கேட்டாள்.

முப்பத்தேழாவது நிமிடம் என்று சொல்ல
என் மராட்டி போதாது.
சிரித்தேன். உட்கார்ந்தேன்.

ஜிடிபி நகரில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் ஓடி,
கவுண்டரில் மூச்சு வாங்கியபோது 8.56.
லேப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்,
சொட்டுகிற என் தலையைப் பார்த்தாள்,
8.50 என்று எழுதினாள்.

மறுநாள் ரிப்போர்ட்.
எண்ணிக்கை பரவாயில்லை. அசைவு பதினாறு சதவீதம்.
இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டர் குறிப்பு.
டியூப்லைட்டுக்கு அடியில்
விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.
"அசைவுன்னா?"
"மெதுவா போகுதாம்."
"ஹார்பர் லைன் மாதிரியா?"
சிரிக்கப் பார்த்தோம், இரண்டு பேரும்.

அந்த ஆறு நிமிடத்தை நான் சொல்லவில்லை.
சொன்னால் அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.
அடுத்த டெஸ்டுக்கு முன்னால் சொல்வேன்.
அதுவரை, மூன்று வருடத்துக்கு ஈடாக,
அது என்னிடம் இருக்கட்டும்.

போன் அடித்தது. நாசரேத்.
எப்போதும் என் பக்கம் தள்ளிவிடுகிறவர்
தானே எடுத்தார்.
வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
மழையில் ஒன்றும் கேட்கவில்லை, "அம்மா" என்பதைத் தவிர.
அதைக்கூட இரண்டு தடவை சொன்னார்,
வரிசையில் நிற்கிறவன் தன் முறை வந்ததும்
தயங்குவதுபோல்.

ரவிக்கை மாற்றும்போது பார்த்தேன்:
டப்பி மூடியின் வட்டம்,
நேற்று பதிந்தது,
இன்னும் லேசாகச் சிவந்து.